வெள்ளைக் கோட்டு

எங்கள் பெரிய அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் நர்சிங் குரூப் எடுத்தவர்கள் பாதி வகுப்பறையைக்கூட நிரப்பமாட்டோம். வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதற்கென்று ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூரில் பஸ் ஏறுவதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

ஒருநாள் தேனாம்பேட்டை சிக்னலில், முன் சீட்டில் இருந்த பெரியவர் மனைவியின் தோளில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தார். கண்டக்டர் என் கோட்டைப் பார்த்துவிட்டார்.

"நர்சம்மா கீது, வழி வுடுங்கப்பா!"

படுக்கை விரிக்கவும் காய்ச்சல் பார்க்கவும் மட்டுமே தெரிந்த நர்சம்மா! பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். படபடவென்று அடித்தது. "துடிக்குது" என்றேன். பஸ்ஸே மூச்சுவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன், நான் வைத்திருந்தது கட்டைவிரல். கட்டைவிரலை வைத்து நாடி பார்த்தால் நம் துடிப்புதான் நமக்குத் தெரியும் என்று டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். அடித்தது என் பயம்.

மூன்று விரல்களை மாற்றி வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினேன். ஒன்றுமே இல்லை. அவர் மனைவி அவரைப் பார்க்கவில்லை; என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஓய்ந்து விரல்களின் அழுத்தம் தளர்ந்தபோதுதான் எறும்பு ஊர்வதுபோல் ஒரு துடிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த விரல்களை நான் எடுக்கவே இல்லை.

இன்று நான் நிஜமாகவே நர்ஸ். பஸ்ஸில் போகும்போது கோட்டு பைக்குள்தான் இருக்கும்.