முகூர்த்தமும் இரண்டாவது கியரும்

முகூர்த்தத்தைத் தவறவிட்டவள் என்று பூனாகலையில் இன்னும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அது தை பிறந்தபின் வந்த முதல் முகூர்த்த நாள், புதன்கிழமை. கல்யாணம் கீழே கொஸ்லந்தைக் கோயிலில். பெண்ணையும் அவள் வீட்டாரையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு காலையில் மலையிலிருந்து இறங்கினேன். வாரக்கணக்கில் பெய்த மழையில் மேட்டிலிருந்து வழிந்த மண், தார் ரோட்டின் மேல் கூழாகக் கிடந்தது. போதாததற்குப் பனிமூட்டம். வேனின் மூக்குக்கு அப்பால் எதுவுமே இல்லை.

ரோடே உறைந்து போகும் நாடுகளில் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். கியரைக் குறைக்க வேண்டும், பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது, அவசரப்படவே கூடாது. எங்கள் மலையில் ஐஸ் கிடையாது. ஆனால் ஊறிய செம்மண்ணும் டயரை அப்படித்தான் வழுக்கிவிடும். இரண்டாவது கியரில் ஊர்ந்தேன்.

முன் சீட்டில் பெண்ணின் தாய்மாமன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது எங்கள் தோட்டத்து ஓட்டுநர்களின் பழக்கம். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

"ஏ புள்ள, நியூட்ரல்ல விடு. அதுவா போய் எறங்கிரும்."

"எங்க மாமா எறங்கும்? பள்ளத்துலயா?"

"இந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு லொறி ஓட்டுனவன் நான்."

"அப்ப கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருங்க."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்றபடி கியர் கம்பை நோக்கிக் கையை நீட்டினார்.

வேனை ஓரமாக நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "எறங்கி முன்னாடி நடந்து ரோட்டக் காட்டுங்க. இல்லன்னா பனி வெலகுற வரைக்கும் இங்கதான்."

அவர் அசையவில்லை. பின்சீட்டிலிருந்து கல்யாணப் பெண் பேசினாள்: "எறங்குங்க மாமா. ராகு காலத்துலகூடத் தாலி கட்டிரலாம், பள்ளத்துக்குள்ள கட்ட முடியாது."

இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சற்றுத் தள்ளிப் போனதுமே பனிக்குள் கரைந்துவிட்டார். ஹாரன் அடித்துத் திரும்ப அழைத்தேன். சீர்த்தட்டை மூடியிருந்த சிவப்புத் துணியைப் பெண்ணே எடுத்துக் கொடுத்தாள். அதைப் போர்த்திக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே வளைவுக்கு வளைவு கைகாட்டி நடந்தார். அந்தச் சிவப்பைப் பார்த்தே ஓட்டினேன்.

வழியில் மண் சரியவில்லை, எதிரே வண்டி வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை, என்மேல் கோபப்பட அதுவே அவர்களுக்கு வசதியாகிவிட்டது. முகூர்த்தம் தப்பி, பிற்பகலில் இன்னொரு நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள்.

பந்தியில் மாமா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இனிமே எங்க வீட்டு விசேஷத்துக்கு ஒன் வேன் கெடையாது."

"வெயில் நாளாப் பாத்து வைங்க மாமா. அப்ப எந்த வேன்ல வேணும்னாலும் போகலாம்."

தலைத்தீபாவளிக்கு அந்தப் பெண் புருஷனோடு தாய்வீடு வந்தாள். திரும்பும் நாளிலும் அதே மழை, அதே பனி. என் வேன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வழியனுப்ப மாமாவும் முன் சீட்டில் ஏறினார். நான் இரண்டாவது கியரைப் போட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.