மைக்கில் ஒரு பொய் சொன்னேன்

அருவித் தண்ணீரில் சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் அடுத்து வருவது வெள்ளம்தான். குற்றாலம் மெயினருவிக் கரையில், குளிக்க வருகிறவர்களை எச்சரிக்கப் பதினெட்டு சீசன் மைக் பிடித்தவன் நான். எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை பத்தரை மணிக்குத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. ஆண்கள் பக்கம் மட்டும் நூறு பேருக்குக் குறையாமல் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெள்ளம் வருது! எல்லாரும் வெளிய வாங்க!” என்று அலறினேன்.

முன்பெல்லாம் இந்தச் சத்தத்துக்குத் துண்டைக்கூட விட்டுவிட்டு ஓடி வருவார்கள். அன்று என்ன நடந்தது தெரியுமா? கரையில் நின்ற கூட்டம் மொத்தமும் ஃபோனைத் தூக்கியது! குளித்தவர்கள் அந்த ஃபோன்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு மைக்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

என் மேடைக்கு நேர் கீழே ஒரு பெண் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் நாலு வயது மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பாறையோடு ஒட்டி நின்றான்.

“இன்னும் கொஞ்சம் உள்ள போங்க! பாப்பா மூஞ்சி தெரியல!” என்று கையைக் காட்டிக் கத்தினாள்.

“ஏம்மா, தண்ணி நிறத்தப் பாரு! அவரக் கூப்பிடும்மா!” என்றேன். அவள் திரும்பவே இல்லை.

பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையா விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார். “ஒரு பயலும் அசைய மாட்டேங்கான்வே. நீரு வேற என்னமாச்சும் சொல்லும்!”

எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, வாய் தானாகப் பேசியது.

“கரையில வச்ச பைகள்ல இருந்து ஃபோன் காணாமப் போகுது! அவங்கவங்க ஃபோன் இருக்கான்னு வந்து பாருங்க. பாறை வழுக்கும், பையப் பைய வாங்க!”

அடேயப்பா! ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே வந்தார்கள். பெண்கள் பக்கமும் காலி. அந்தப் புருஷனும் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். “ஏட்டி, பையில என் ஃபோன் இருக்கா?” என்று அவன் கேட்டு முடிக்கவில்லை, அருவியில் பாதுகாப்புக்காகக் கட்டிய ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர் பாய்ந்தது. அவன் நின்ற பாறையையே காணோம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “பொழைச்சோம்வே!” என்று ஏட்டையா என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். என் சர்வீஸில் சொன்ன பொய்களிலேயே இதுதான் உருப்படியான பொய்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மகளை அணைத்துப் பிடித்தபடி மேடைக்கு வந்தாள். தான் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

“இதுல நீங்க வெள்ளம் வெள்ளம்னு கத்துதது நல்லாக் கேக்கு, அண்ணாச்சி. அங்கன நிக்கும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கல,” என்று சொல்லி அழுதுவிட்டாள்.

இனி மைக் பிடிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முதலில் ஃபோனைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தைப் பிறகு சொல்லலாம்.