அனுமதி கேட்ட கிட்டார்காரன்

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் எட்டாவது விதி தெளிவாகவே சொல்கிறது: வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஊழியர் பங்கேற்கும் நிகழ்ச்சி முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்ததாக இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. இதை என் மைத்துனனுக்கு வாய்விட்டு வாசித்தே காட்டினேன். புனே தாபோடியில் என் அலுவலகத்திலேயே அவனும் குமாஸ்தா. சாயங்காலமானால் கிட்டார்.

அப்போது புனே கன்டோன்மென்ட் பக்கம் நான்கு ராக் குழுக்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று ஆகாது. 1998 புத்தாண்டு நிகழ்ச்சியில் ஒரே ஒரு பாட்டு வாசிக்க மும்பைத் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்ததும், எந்தக் குழு போவது என்று அடிதடி. கடைசியில் ஒவ்வொன்றிலும் தேர்ந்த ஆளை எடுத்து ஒரு மகா குழு கட்டினார்கள். கிட்டாருக்கு மைத்துனன்.

பக்கவாதத்தில் படுத்திருந்த என் மாமனார், மகனின் கிட்டாருக்குத் 'தகரம்' என்று பெயர் வைத்திருந்தார். அவர் ஒரு தடவை மகனை டிவியில் பார்த்துவிட வேண்டும். மைத்துனனுக்கு அது போதும்.

"அத்தான், எதுக்கும் ஒரு வரி எழுதிக் கேட்டுருவமா?"

"வேண்டாம்னு விதியே சொல்லுதுலே."

"நாளைக்கு நம்ம ஆபீசர் சாஹிப் கேட்டா விதியா வந்து பதில் சொல்லும்?"

கேட்டுவிட்டான். கேட்காதவனுக்கு அனுமதி தேவையில்லை. கேட்டவன் பதில் வரும்வரை அசையக் கூடாது. நம் நிர்வாகத்தின் அழகே அதுதான். விண்ணப்பம் உரிய வழியாக தில்லிக்குப் போயிற்று. பதில் வருவதற்குள் மும்பை போனால் கீழ்ப்படியாமை ஆகிவிடும் என்று சாஹிப் டீ வாங்கிக் கொடுத்து எடுத்துச் சொன்னார்.

பதிவுக்கு முந்தைய நாள் மகா குழுவின் பாடகன், மைத்துனனைத் தேடி விஷ்ராந்த்வாடியில் என் வீட்டுக்கே வந்தான். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான் என்று என் மனைவி காபி போட்டாள்.

"அரே, நீ வராட்டி பரவால்ல. வேற ஆள் இருக்கான். அந்த சிவப்பு கிட்டார் மட்டும் குடு. கேமரால ஜோரா இருக்கும்."

காபியை முழுவதும் குடித்தான். மைத்துனன் மாமனார் வீட்டுக்குப் போய் கிட்டாரை எடுத்து வந்து, புதுக் கம்பிகள் மாட்டி, உறை போட்டுக் கொடுத்தனுப்பினான்.

புத்தாண்டுக்கு முந்தின மாலை மாமனார் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். அவருக்கு முதுகில் தலையணை வைத்து உட்கார்த்தினோம். அவர் தலைக்கு மேல், கிட்டார் எப்போதும் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது. திரையில் சிவப்பாக அது மின்னியது. வேறு எவனோ வாசித்தான்.

"இவன் வாசிக்கான்லே," என்றார் மாமனார், குழறலாக. "கிட்டார்னா இது கிட்டாரு. நீயும் வச்சிருக்கியே ஒரு தகரம்."

என் மனைவி வாய் திறந்தாள். மைத்துனன் தலையசைத்துத் தடுத்துவிட்டு, "ஆமாப்பா, நல்லா வாசிக்கான்," என்று ஒலியைக் கூட்டி வைத்தான்.

கேமரா யாரை அதிகம் காட்டியது என்ற தகராறில் மகா குழு அந்த வாரமே உடைந்தது. கிட்டார் உறையில்லாமல் திரும்பி வந்தது. ஈஸ்டர் வரை மாமனார் இருக்கவில்லை.

தில்லியின் பதிலை அதற்கும் பிறகுதான் ஆபீசில் மைத்துனன் கையில் கொடுத்தார்கள்; அதில் இரண்டே பத்திகள். ஒன்று, இதற்கு அனுமதி தேவையில்லை. இரண்டு, விதியைப் படிக்காமல் மேலிடத்தின் நேரத்தை வீணாக்கியதற்காக ஊழியர் எச்சரிக்கப்படுகிறார். எங்கள் அலுவலக வரவு முத்திரையில் தேதி: 1997 நவம்பர் 3.