ஓர்வலின் தொலைநோக்கியும் கிட்ட வந்த மானும்

ஓர்வல் ட்வீட்டன் எதையும் சட்டுபுட்டென்று முடிவு செய்து அறியாதவன். மார்லிஸைக் கல்யாணத்துக்குக் கேட்கலாமா என்று நாலு வருஷம் யோசித்தான். கடைசியில் அவளே பொறுமை இழந்து தேவாலயத்தில் தேதி குறித்துவிட்டு வந்து, "சனிக்கிழமை மூணு மணி, குளிச்சிட்டு வா" என்றாள். மோன்டானாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இருபத்திரண்டு வருஷமாக மாட்டுத் தீவன ஆலையில் வேலை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் வெல்லப்பாகும் மக்காச்சோளமும் கலந்து மணக்கும். அவனுடைய குளிர்க்கோட்டை மார்லிஸ் எத்தனை தடவை துவைத்தும் அந்த வாடை போனபாடில்லை.

நல்ல மனுஷன்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆம்பிளை என்றால் இலையுதிர் காலத்தில் ஒரு மானாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஓர்வல் கொண்டுவந்ததே இல்லை. மார்லிஸின் அண்ணன் கேலன்தான் பத்தொன்பது வருஷமாக அவர்கள் ஃப்ரீசரை நிரப்பி வந்தான். அப்பா காலத்துத் துப்பாக்கி. தொலைநோக்கி கிடையாது, குழல் நுனியில் ஒரு இரும்புப் பொட்டு, அவ்வளவுதான். அதை வைத்தே வருஷத்துக்கு ஒன்று. கறிப் பொட்டலங்களைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, "எங்க தங்கச்சி இளைச்சுடக் கூடாது பாரு மாப்ள" என்பான். அந்த ஒரு சொல் ஓர்வலுக்குச் சுருக்கென்று தைக்கும். வெளியே சிரித்துக்கொள்வான்.

நெடுஞ்சாலைக்கு வடக்கே உள்ள மேடுகளில் பெரிய கலைமான் சுட வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பதினாலாவது வருஷம் ஓர்வலுக்கு விழுந்தது. சாலைக்கு வடக்கே மட்டும் செல்லும் வேட்டை அனுமதிச் சீட்டு, ஐந்து வாரம், ஒரே ஒரு மான். சந்தோஷம் தலைக்கேறி, தேவாலய விருந்தில் ஊரே கேட்க, "மச்சான், இந்த வருஷம் உன் கறி எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். பரிமாறிக்கொண்டிருந்த மார்லிஸின் கரண்டி அப்படியே நின்றது. ஆனாலும் அவள் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாளே ஃப்ரீசரைக் காலி செய்து, துடைத்து, ஓர்வலுக்காகத் திறந்து காட்டினாள்.

பிறகு ஓர்வல் துப்பாக்கியில் பூட்டத் தொலைநோக்கி தேர்ந்தெடுக்க ஆரம்பித்தான். கஷ்டகாலம் அங்கேதான் பிடித்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டான். பதினோரு தொலைநோக்கிகள், எடை, வெளிச்சம், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினான். வேட்டை தொடங்கிய சனிக்கிழமை ஊரே மேட்டில் இருக்க, இவன் கடையில் இருந்தான். சாயங்கால மங்கலில் ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்து வந்து, எதிர்த் தெருத் தேவாலயத்துப் பலகையில் மறுநாள் ஆராதனைக்கான பாட்டு எண்களைப் படித்துப் பார்த்தான். முதலில் வாங்கியதன் திருகு சரியாக 'டிக்' என்று விழவில்லை என்று திருப்பிக் கொடுத்தான். இரண்டாவதற்குள் இருந்த குறுக்குக் கோடு தடிமன். எண்ணூறு கஜத்தில் மானின் தோளையே மறைத்துவிடுமாம்.

கடைக்காரர் பொறுமைசாலி. இதுவரை அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் சுட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"தொண்ணூறு கஜம்" என்றான் ஓர்வல். "தகர டப்பா."

முப்பத்தைந்து மடங்கு காட்டும் மூன்றாவது தொலைநோக்கி வந்து சேர்ந்தபோது நவம்பர் கடைசி வியாழக்கிழமை நன்றித் திருநாள் வான்கோழி தின்று முடித்து மறுநாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை முழுக்க அதைத் துப்பாக்கியில் பூட்டிக் குறி சரிபார்த்தான். மிச்சம் ஞாயிறு ஒரே நாள். அன்று சூரியன் விழுந்து அரைமணி ஆனால் சீட்டு செத்தது.

ஞாயிறு மத்தியானம் வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சுச் சட்டையைக் கோட்டின் மேல் மாட்டிக்கொண்டு, சாலையைத் தாண்டி மேட்டில் குப்புறப் படுத்தான். எதிர்ச் சரிவு எண்ணூற்றுப் பத்து கஜம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் புல்லின் முனையில் பனித்துளி தெரிந்தது. என்ன அருமையான சாமான்! மான்தான் இல்லை. மூணு மணி நேரம் இல்லை.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கேலன்தான் கேலி செய்ய வந்துவிட்டான் என்று நினைத்துத் திரும்பினான். கேலன் இல்லை. பத்தடி தூரத்தில், இரண்டு பக்கமும் நாலு நாலு கிளையாகக் கொம்பு விரித்து, ஒரு கலைமான் அவன் கோட்டை மோந்துகொண்டிருந்தது.

ஓர்வல் மெதுவாக எழுந்து துப்பாக்கியைத் தூக்கினான். கண்ணாடிக்குள் ஒரே பழுப்புக் கலங்கல். அது தோளா, தொடையா, வேறு மானா என்றே தெரியவில்லை. மடங்கைக் குறைக்கும் வளையம் குளிரில் இறுகிப்போய் அசையவில்லை. குத்துமதிப்பாகச் சுட்டுக் காயப்படுத்தி ஓடவிடுவது பாவம். அந்த அளவுக்கு அவன் கேடுகெட்டவன் இல்லை. தூரம்தானே வேண்டும்? மானைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தான்.

மானும் நடந்தது.

இருபதடி போனான், மானும் இருபதடி வந்தது. வேகமாகப் பின்னுக்கு ஓடினான். அதுவும் துள்ளி வந்தது, பாகு மணக்கும் கோட்டை விட அதற்கு மனசில்லை. "போ, அந்தப் பக்கம் போய் நில்லு" என்று கெஞ்சினான். ஒருமுறை துப்பாக்கியை நீட்டியபோது அது முன்கண்ணாடியை நக்கிவிட்டது. பதினோரு தொலைநோக்கியின் குணமும் எழுதிய நோட்டில் நக்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அவனுக்கு அழுகை முட்டியது. பதினாலு வருஷம் காத்த மான், தொட்டால் தொடும் தூரத்தில், சுட முடியவில்லை!

காலடியில் தார் தட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். நெடுஞ்சாலை. பின்பக்கமாகவே நடந்து அதன் தெற்கு ஓரத்துக்கு வந்திருந்தான். நிதானமாக மானும் சாலையைக் கடந்து அவனருகே வந்து நின்றது. இந்தப் பக்கம் அவன் சீட்டு செல்லாது. மேற்கே சூரியன் போய் அரைமணியும் ஆகிவிட்டது. ஓர்வல் தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

திங்கட்கிழமை காலை கேலனின் வண்டி வாசலில் வந்து நின்றது. கையில் கறிப் பொட்டலங்கள். ஆனால் அவன் உள்ளே வரவில்லை. வண்டிப் படியிலேயே நின்றான். கொடியில் காய்ந்த ஓர்வலின் கோட்டுக் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு முற்றத்தில் நின்றது அந்தக் கலைமான்.

ஓர்வல் கதவைத் திறந்து வந்தான். கேலன் இன்றைக்கு என்ன சொல்லப் போகிறானோ என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மார்லிஸ் பின்னால் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

கேலன் மானை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"முப்பது வருஷமா சுடறேன் மாப்ள" என்றான். "ஒண்ணாவது என்கூட நடந்து வீட்டுக்கு வந்ததில்ல."

ஓர்வல் கைநீட்டிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டான்.