குடை என்று சொல்லாமல்

எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குக் காது உண்டென்று குடும்பம் முழுவதும் நம்பியிருந்தது. அது போர்க்காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலோரப் புகையிரதம் கடக்கும்போதெல்லாம் யன்னல் அதிரும் மாடிவீடு எங்களுடையது. ஆளின் பெயரையோ ஊரின் பெயரையோ போனில் உச்சரிக்கக் கூடாதென்பது அப்பாவின் கட்டளை. ஆகவே அம்மா, "புளி அனுப்பின ஆளின்ரை மூத்தது, முந்தி எங்கடை படியிலை விழுந்தது, அது வருகுது" என்பார். மறுமுனையில் இருந்தவருக்கு அது தெளிவாக விளங்கும். உண்மையிலேயே எவரேனும் ஒட்டுக்கேட்டிருந்தால், அந்தப் பாவப்பட்ட மனிதர் முதலில் எங்கள் உறவுமுறைகளையும் பின்னர் எங்கள் படிக்கட்டின் வரலாற்றையும் கற்றிருக்க வேண்டும்.

இன்று நான் நோர்வேயின் பேர்கன் நகரில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறேன். மார்கழியில் ஊழியர்கள் கூடி விளையாடுவது இங்கே வழக்கம். இரண்டு அணிகள். அட்டையில் உள்ள சொல்லைச் சொல்லாமல் ஒருவர் விளக்க வேண்டும். மணற்கடிகாரம் வடிவதற்குள் அவருடைய அணி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லாமல் சொல்வதற்கென்றே வளர்க்கப்பட்டவள் நான் என்ற நம்பிக்கையோடு எழுந்து நின்றேன். எனக்கு வந்த சொல் குடை. "என் மாமியைப் பெண்பார்க்க வந்தவர் மறந்துவிட்டுப் போனது" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊர். வாசலில் எல்லோருடைய குடைகளும் நீர் சொட்டிக்கொண்டிருந்தன. இருந்தும் என் அணியில் எவருக்கும் குடை தோன்றவில்லை. மேலும் உதவ எண்ணி, "அதற்காகத்தான் அவர் திரும்பி வந்தார்" என்றேன். என் அணியிலிருந்த இங்கிரிட் மிகுந்த பரிவோடு, "தன்மானமா?" என்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு மணற்கடிகாரத்தைக் கவிழ்க்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். மரியாதையாகத்தான் தந்தார்கள். ஆனால் நூல்களுக்கு நடுவே வாழ்பவளுக்கு ஒரு குடையை விளக்கத் தெரியாதென்பது உறுத்திக்கொண்டே இருந்தது. பிழை என் சொற்களிலா, கேட்பவர்களிடமா என்பதை நான் அறிந்தாக வேண்டியிருந்தது. ஆடி விடுமுறையில் மகள் ஆரணியோடு கொழும்புக்குப் புறப்பட்டபோது, அதே விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கிப் பயணப்பையில் வைத்தேன்.

அந்த மாடிவீட்டில் இப்போது அண்ணாவும் அவருடைய மனைவி ஜெசிந்தா மச்சாளும் இருக்கிறார்கள். மச்சாள் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். கரம் பலகையில் காய் சுண்டுவதில் தோற்றறியாதவர். அவரும் ஆரணியும் ஓர் அணி, அண்ணாவும் நானும் மற்றது. குடை அட்டை வரும்வரை காத்திருந்தேன்.

"சின்ன மாமியைப் பாக்க வந்தவர்…"

"குடை" என்றார் அண்ணா, தேநீரிலிருந்து தலை நிமிராமல்.

"அது எப்பிடிங்க?" என்றார் மச்சாள்.

"முதல்தரம் மனுசன் நிலத்தைப் பாத்தபடியே இருந்திட்டுப் போனவர். குடையை எடுக்கத் திரும்பி வந்த இடத்திலைதானே மாமியை வடிவாப் பாத்தவர்."

அடுத்த அட்டை வந்தது. "அப்பா மேலை நிக்கேக்கை அம்மா எடுத்துக்கொண்டு போனது."

"ஏணி."

மச்சாள் தம் அட்டைகளை மேசையில் போட்டார். "அண்ணனும் தங்கச்சியும் கள்ளம் விளையாடுறீங்க. இது விளையாட்டில்ல, குடும்ப வழக்கு."

என் சொற்களில் பிழையில்லை. அந்த நிறைவோடு கடைசி அட்டையை எடுத்தேன். அதை வென்றால் ஆட்டம் எங்களுடையது. "வருசாவருசம் ட்ராமிலை ஒண்டை விட்டிட்டு வாறனான்."

அண்ணா முதன்முறையாக நிமிர்ந்தார். "பொறு. குடையோ?"

"இல்லை. மற்றது தனிய வீட்டிலை கிடக்கும்."

அண்ணாவின் முகத்தில் இங்கிரிட்டின் பரிவைக் கண்டேன். மணல் வடிந்துகொண்டிருந்தது.

"கிளவ்ஸ், மாமா" என்றாள் எதிரணியிலிருந்த ஆரணி, பொறுக்கமாட்டாமல். "வீட்டிலை ஒரு பெட்டி முழுக்க ஒற்றைக் கிளவ்ஸ்தான்."

மச்சாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, நீ எந்தப் பக்கம்?"

அந்த அட்டையை எவருக்கும் சேர்ப்பதில்லை என்று மச்சாளே தீர்ப்பளித்தார். பேர்கனில் மணற்கடிகாரத்தை இப்போது மனக்குறையின்றிக் கவிழ்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் சின்ன மாமியும் குடைக்கு வந்தவரும் இன்றில்லை. குடையை அறிந்தவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். கையுறையை அறிந்தவள் என்னோடு இருக்கிறாள்.