சாவிக் கவுண்டர் நெல்டாவும் மூன்றாவது தோட்டாவும்

வாத்து வேட்டை தொடங்குவதற்கு முந்தைய நாள் பிற்பகலில் ஹாகன் ஹார்டுவேர் கடையின் பின்புறக் கொட்டகைக்குள் கால் வைக்க இடமிருக்காது. ஆர்கன்சா மாநிலத்தில் நெல் வயல்கள் நிறைந்த கிராண்ட் பிரெய்ரியில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். வறுத்த கெளுத்தி மீன் ஒரு கையில், வாய்ச்சவடால் இன்னொரு கையில். வருஷா வருஷம் அங்கே ஒரு துப்பாக்கிப் போட்டி நடக்கும். அந்த வருஷம் போட்டி மேசைக்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றவள் நெல்டா ப்ரூவிட். வயது நாற்பத்தாறு.

நெல்டா அந்தக் கடையில் பத்தொன்பது வருஷமாகச் சாவி வெட்டுகிறாள், பெயின்ட் கலக்குகிறாள். அவள் கவுண்டரிலிருந்து பத்தடி தள்ளி துப்பாக்கிக் கவுண்டர். அந்தப் பத்தடியைத் தாண்ட அவள் படாத பாடு பட்டுவிட்டாள். அங்கே ஆள் மாறும்போதெல்லாம் கேட்டாள். முதலாளி வெண்டல் ஹாகன் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆம்பிளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவன் தோட்டாப் பெட்டியைத் தலைகீழாக அடுக்குவான். இன்னொருவன் துப்பாக்கியைத் துடைக்கச் சொன்னால் துடைப்பத்தைத் தேடுவான். அவர்கள் பிரித்துப் போட்டு மாட்டத் தெரியாமல் விழித்ததையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக் கொடுத்தவள் நெல்டாதான். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் எத்தனை வகை வந்தாலும், பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தால் அதன் குணம் அவளுக்குப் பிடிபட்டுவிடும். மனிதர்களை அவளால் அப்படிப் படிக்க முடிந்ததில்லை. இரண்டு புருஷன்மார் அதற்குச் சாட்சி.

அந்த அக்டோபரில் கவுண்டர் மறுபடி காலியானது. ஹாகன் தன் மருமகன் ட்ரேஸைப் போடப் போவதாகச் சொன்னார். நெல்டா பெயின்ட் டப்பாவை டமாரென்று வைத்துவிட்டு, போட்டியில் ராய்ஸ் டேட்டத்தை ஜெயித்துக் காட்டினால் அந்தக் கவுண்டரைத் தனக்குத் தருவீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். ஹாகன் சிரித்துக்கொண்டே சரி என்றார். சிரிக்காமல் என்ன செய்வார்? ராய்ஸ் வேட்டைக்கு வழிகாட்டியாகப் போகிறவன். ஆறு வருஷமாகக் கோப்பை அவன் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

போட்டி இதுதான். மேசையில் நாலு துப்பாக்கி, எல்லாக் குழலும் எதிர்ச் சுவரின் மணல் மூட்டைகளைப் பார்த்தபடி. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா இரண்டை ஏற்ற வேண்டும். விசையை அமுக்கு, பக்கவாட்டிலிருக்கும் தாழை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளு. மறுபடி அமுக்கு, மறுபடி தள்ளு. துப்பாக்கி காலியானால் தாழ் பின்னாலேயே நின்று வாய் திறந்திருக்கும், அப்போது அடுத்ததற்குப் போகலாம். நாலாவது துப்பாக்கியை முதலாளி அந்த நிமிஷத்தில் கொண்டுவந்து வைப்பார். ஆளுக்கு ஆள் அது வேறு.

ராய்ஸ் ஒரு நிமிஷம் பத்து விநாடியில் முடித்திருந்தான்.

நெல்டாவுக்கு வைக்க ஹாகன் தன்னுடைய புதுத் துப்பாக்கியையே எடுத்துவந்தார். வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது, காலையில்தான் கடைக்குப் பின்னால் வானில் வீசிய களிமண் தட்டுகளைக் குறிவைத்துச் சுட்டுப் பார்த்திருந்தார். எல்லாரும் பார்க்கத் தாழை மூன்று தடவை இழுத்து விட்டார். ஒன்றும் விழவில்லை. காலி என்று சொல்லி மேசையில் வைத்தார். கையில் நிறுத்துகடிகாரத்தை எடுத்துக்கொண்டு, "ம், ஆரம்பி" என்றார்.

முதல் துப்பாக்கி முதுகு கூன் விழுந்த கிழம். அதைத் தொட்டதுமே நெல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் திறந்திருக்கும்போது அதன் வயிற்றில் தோட்டாவைக் காட்டினால் போதும், தானே விழுங்கித் தாழைப் படாரென்று சாத்திக்கொள்ளும். கட்டைவிரலை எடுக்கத் தெரியாதவன் நகத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். இரண்டாவதற்கு அந்தப் பசி கிடையாது. வயிற்றுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கும். நடுவிலிருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கினால்தான் வழி விடும். ராய்ஸ் அங்கே நாலு விநாடி தடுமாறியிருந்தான். நெல்டாவின் விரல் நேரே பொத்தானில் போய் நின்றது. மூன்றாவது இடக்கையருக்குச் செய்தது. தோட்டா போடும் வாய் எதிர்ப்பக்கம். அவள் கைகளை மாற்றிக்கொண்டு, முதல் தோட்டாவைப் பக்கவாட்டில் போட்டாள், பொத்தானைத் தட்டினாள், அடுத்ததைக் கீழே திணித்தாள். கூட்டம் கெளுத்தி மீனை மறந்துவிட்டது. யாரோ விநாடியை உரக்க எண்ணினார்கள். நாற்பத்தொன்பது.

நாலாவதைத் தொட்டாள். வழவழவென்று புதுசு. தாழைப் பின்னால் இழுத்துப் பிடித்து, ஒரு தோட்டாவைச் சுடும் அறைக்குள் போட்டுத் தாழை விட்டாள். இரண்டாவதைக் குழலுக்கு அடியிலிருக்கும் தோட்டாக் குழாய்க்குள் தள்ளியபோது அதன் சுருள்வில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. புதுத் துப்பாக்கியின் சுருள்வில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அமுக்கினாள், சொடுக்கு. இழுத்தாள், தரைப் பலகையில் டொக்கென்று ஒன்று விழுந்தது. அமுக்கினாள், சொடுக்கு. இழுத்தாள், இன்னொரு டொக். அறுபது என்று கத்தினார்கள். ஜெயித்தாயிற்று, இனி அது வாய் திறந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி.

அது வாயை மூடிக்கொண்டது.

கூட்டம் உச்சுக் கொட்டியது. தோட்டா ஒன்று சிக்கியிருக்கும், இன்னொரு தடவை அமுக்கித் தள்ளு என்று நாலு பக்கமிருந்தும் கூச்சல். எல்லாரையும் விட முதலாளியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "அமுக்கு நெல்டா, இன்னும் எட்டு விநாடி இருக்கு."

அவள் விரல் விசை மேலேயே இருந்தது. அமுக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது, பத்தொன்பது வருஷ ஆசையாயிற்றே. ஆனால் இரண்டு டொக்கையும் அவள் காது எண்ணிவிட்டிருந்தது. போட்டது இரண்டு, விழுந்ததும் இரண்டு. அப்படியென்றால் இப்போது உள்ளே போனது அவள் போட்டதல்ல.

விரலை எடுத்துவிட்டாள்.

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அறுபத்தெட்டு என்றார்கள், எழுபது என்றார்கள், அப்புறம் உற்சாகம் வடிந்து நிறுத்திவிட்டார்கள். நெல்டா குழலை மணல் மூட்டையை விட்டு அசைக்காமல் தாழை மெதுவாக இழுத்தாள். மூன்றாவது தோட்டா பலகையில் விழுந்தது. அந்தச் சத்தமே வேறு, கனமான சத்தம். அது உருண்டுபோய் ராய்ஸின் பூட்ஸில் முட்டி நின்றது. வெற்றுத் தோட்டாக்கள் எல்லாம் ஆரஞ்சு நிறம். இது பச்சை.

ராய்ஸ் குனிந்து எடுத்தான், திருப்பிப் பார்த்தான். "நெல்டாக்கா, இது நிஜத் தோட்டா" என்றான். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரியுமென்று முன்னால் போய் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

நெல்டா கட்டை அவிழ்த்தாள். ஹாகன் சுண்ணாம்பாய் வெளுத்துப்போய் நின்றிருந்தார். மூன்று தடவை இழுத்தேனே, ஒன்றும் வரவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உங்க பழைய துப்பாக்கில தாழை இழுக்க இழுக்க எல்லாம் வெளிய வந்துரும், முதலாளி. இது அப்படியில்ல. விசையை அமுக்கினாத்தான் குழாய் அடுத்த தோட்டாவை விடும். சும்மா இழுத்தா, குழாய்ல கிடக்கிறது அங்கேயே கிடக்கும். காலைல மிச்சம் வச்சிருக்கீங்க."

ஹாகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருபத்தொன்பது. கோப்பை ராய்ஸுக்குத்தான் என்று அறிவித்தார், விதி விதிதான் என்றார். ராய்ஸ் அதை வாங்கி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, அவள் இடத்தில் தானாக இருந்தால் அமுக்கியிருப்பேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

"நானும்தான்" என்றார் ஹாகன். "நெல்டா, நாளைக்குக் காலைல நாலரைக்கே துப்பாக்கிக் கவுண்டர் திறக்கணும். வந்துரு."

"நான் தோத்துட்டேனே முதலாளி."

"ட்ரேஸ் பெயின்ட் கலக்கட்டும். நீ வா."

நெல்டா அந்தப் புதுத் துப்பாக்கியை எடுத்தாள், வாயைத் திறந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள், குழாயையும் பார்த்தாள். அவர் கையில் திறந்தபடியே கொடுத்தாள்.

"வர்றேன்" என்றாள். "அந்தக் கவுண்டர்ல நான் நின்னிருந்தா, எப்படிக் காலி பண்றதுன்னு சொல்லிக் குடுக்காம இதை உங்களுக்கு வித்திருக்கவே மாட்டேன்."