மகளோடு ஜீடிமெட்லாவில் பதினேழு வீடுகள்

என் மகள் ஷாலினி படிப்பது குளோபல் ஹெல்த். வெளிநாட்டில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. இரண்டு வருடம் முடிந்தும், அது என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டாக்டரா என்றால் இல்லை, நர்ஸா என்றால் அதுவும் இல்லை. 2012 ஜூனில் கள ஆய்வுக்காக ஹைதராபாத் வந்தவள், சென்னையில் வீட்டுக்கு ஒரு எட்டு வராமல் நேரே அங்கே போய் இறங்கினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை நிறுத்திவிட்டு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படி என்று போனில் சொன்னேன். ஒரு நாள் என்னோடு வந்து பாருங்கள், அப்புறமும் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றாள். நிறுத்த வைத்துவிடுவது என்றுதான் ரயிலேறினேன்.

சென்ட்ரலில் மாலை 6.10க்கு சார்மினார் எக்ஸ்பிரஸ். ஸ்லீப்பர் 295 ரூபாய். காலை ஏழேமுக்காலுக்கு செகந்திராபாத். குகட்பள்ளியில் அவள் தங்கியிருந்த விடுதிக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஆட்டோக்காரர் 220 கேட்டார். ஐ.டி. வேலையில் பத்து வருடம் அங்கே குப்பை கொட்டியவனிடமா? "நக்கோ பாய்", வேண்டாம் தம்பி என்று அந்த ஊர் உருதுவில் ஆரம்பித்து 160க்கு முடித்தேன்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஜீடிமெட்லாவுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பத்து ரூபாய். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் தகரக்கூரை வீடுகள். குடிதண்ணீரை எப்படி வைத்திருக்கிறார்கள், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததா என்று வீடு வீடாகக் கேட்பதுதான் வேலை. அங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள் ஆயிற்றே, வீட்டில் தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறவள் அங்கே தெலுங்கில் வெளுத்து வாங்கினாள். இதற்கா வெளிநாட்டுப் படிப்பு என்று நான் உள்ளுக்குள் புகைந்தேன்.

ஆறாவது வீட்டில் இரண்டு வயதுப் பையன் துவண்டு படுத்திருந்தான். வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று என் அரைகுறைத் தெலுங்கில் அவன் அம்மாவுக்கு உபதேசம் செய்தேன். நரைத்த தலை, இன் பண்ணிய சட்டை. என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டாள். அதன்பின் ஷாலினி எதைக் கேட்டாலும் என் முகத்தைப் பார்த்து, தினமும் காய்ச்சுகிறோம், மூடி வைக்கிறோம் என்றே சொன்னாள். குடம் திறந்தேதான் கிடந்தது.

ஷாலினி எல்லாக் கேள்வியையும் பொறுமையாக முடித்தாள். பையிலிருந்து உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எடுத்துக் கரைக்கும் விதத்தைக் காட்டி, இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். அந்த அம்மா பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை நின்றாள். வெளியே வந்ததும் அந்தப் படிவத்தின் குறுக்கே கோடு போட்டு, உடன் வந்தவர் குறுக்கிட்டதால் செல்லாது என்று எழுதினாள்.

யாருக்குத் தெரியப் போகிறது, இருக்கட்டுமே என்றேன்.

"இல்லப்பா. பத்து வீட்ல இப்டி காய்ச்சறோம்னு எழுதினா, இந்தத் தெருவுல எல்லாம் சரியா இருக்குன்னு ஆயிடும். அப்றம் இவங்க பைப்பை யாரு வந்து பாப்பாங்க?"

ஒரு குழந்தைக்கு மருந்து தருகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு தெருவுக்கே இப்படிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அதில் ஒருத்தி என் பெண் என்பதும் அன்றுதான் உறைத்தது. பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்?

மாலை நான்கு மணிக்கு என்னால் செல்லாமல் போன ஒன்றைக் கழித்து அவள் கணக்கில் பதினேழு வீடு. டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

"சொல்லுங்கப்பா, நிறுத்தணுமா?"

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

சிரித்தாள். கண் கலங்கியும் இருந்தது.

பிள்ளைகளின் கள ஆய்வைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு: குகட்பள்ளியில் சுமாரான லாட்ஜ் நாளுக்கு 500 ரூபாய். ஜூன் மழைக்குக் குடை வேண்டும், சேற்றுக்குப் பழைய செருப்பு போதும். முக்கியமாக, வீட்டுக்குள் போகாமல் தெருமுனையிலேயே நின்றுகொள்ளுங்கள். மறுநாள் நான் அப்படித்தான் நின்றேன். பெட்டிக்கடைக்காரர் யார் அந்தப் பெண் என்று கேட்டார். என் மகள், இந்தத் தெருத் தண்ணீரைப் பற்றிப் படிக்கிறாள் என்றேன். அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாக்கடைக்குள் ஓடும் குடிநீர்க் குழாயைக் காட்ட அவளைத் தேடிப் போனார்.